பிரிண்ட் எடுத்த பாகங்களில் ஒரு நீராவி எஞ்சின்: முதல்முறை கட்டுபவருக்கு

மாடல் ரயில் எஞ்சின் கிட் பெட்டியைத் திறந்ததும் கை தானாகப் போவது பாய்லரிடம்தான். புகைபோக்கி, அதன் பின்னால் உருண்டையான டோம், வரிசை பிசகாத ரிவெட் தலைகள் என்று எல்லாம் 3டி பிரிண்டரில் எடுத்த சாம்பல் நிற ரெசினில், அதாவது ஒளி பட்டு இறுகிய ஒருவகைப் பிளாஸ்டிக்கில், அப்படியே வந்திருக்கும். ஓட்டுநர் அறையையும் நீர்த்தொட்டிகளையும் அதன்மேல் பொருத்திப் பார்த்தால் பத்தே நிமிடத்தில் மேசைமேல் ஓர் எஞ்சின் நிற்கும். ஆனால் அது ஓடாது. ஓடுவதற்கான சாமான்கள் பெட்டியின் மூலையில் ஒரு சின்ன உறைக்குள் கிடக்கும்: சக்கரங்கள், இருசுகள், மெல்லிய உலோகத் தண்டுகள். பல கிட்டுகளில் சக்கரமும் மோட்டாரும் வராது, தனியாக வாங்க வேண்டும். உடம்பைப் பிரிண்டர் தந்துவிடுகிறது. ஓட்டத்தை நாம்தான் அளந்து அளந்து கொண்டுவர வேண்டும். அதனால் இங்கே அந்தச் சின்ன உறையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

இருசு என்பது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி. மாட்டு வண்டியில் சொல்கிற அதே இருசுதான். அச்சு என்றும் சொல்லலாம், ஆனால் பிரிண்ட் எடுப்பதும் அச்சுதான் என்பதால் குழப்பம் வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் எஞ்சின் வேண்டும். நான் டெரியரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேக்காக வில்லியம் ஸ்ட்ரவுட்லி வடிவமைத்த குட்டி எஞ்சின் அது. 1872-லிருந்து 1880 வரை பிரைட்டன் பணிமனையில் 50 எஞ்சின்கள் கட்டப்பட்டன. எடை முப்பது டன்னுக்கும் குறைவு, அதுவே அதன் ஆயுளை நீட்டியது. ஹேலிங் தீவுக்குப் போகும் கிளைப்பாதையில் ஒரு மரப்பாலம் இருந்தது. கனமான எஞ்சின்களை அது தாங்காது. அதனால் 1963-ல் அந்தப் பாதையை மூடும்வரை டெரியர்கள்தான் அங்கே ஓடின. 50-ல் 10 எஞ்சின்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பாக்ஸ்ஹில் என்ற எஞ்சின் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஸ்டெப்னி என்ற இன்னொன்று 1960-ல், பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் புளூபெல் ரயில்வேக்கு வந்தது.

முதல்முறை கட்டுபவருக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. இதன் சிலிண்டர்கள் இரண்டும் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கின்றன. வெளியே தெரிவது ஆறு சக்கரங்களும், பக்கத்துக்கு மூன்று சக்கரங்களை இணைக்கும் ஒரு தண்டும் மட்டுமே. ரயில்காரர்கள் இந்த அமைப்பை 0-6-0 என்று எழுதுவார்கள்: முன்னால் வழிகாட்டும் சக்கரம் இல்லை, இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னால் தாங்கும் சக்கரமும் இல்லை. நீலகிரி மலை ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எக்ஸ் வகுப்பு எஞ்சினையே கட்ட ஆசை வரும். வரட்டும், ஆனால் முதல் கிட்டாக வேண்டாம். அதில் வெளிப்பக்கம் மேலும் கீழுமாக மொத்தம் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சக்கரங்களைச் சுற்ற, மற்ற இரண்டு பற்சக்கரத்தைச் சுற்ற. அத்தனை தண்டுகளும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓட வேண்டும். டெரியரை ஓடவைத்த கைக்கே அந்தத் துணிச்சல் வரும்.

அளவு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரிட்டனில் அதிகம் புழங்குவது டபுள் ஓ என்ற அளவு. உண்மையான எஞ்சினில் ஓர் அடி இருந்தால் மாடலில் 4 மி.மீ. அதாவது 76-ல் ஒரு பங்கு. டெரியரின் சக்கரம் 4 அடி விட்டம், மாடலில் 16 மி.மீ. முதல் இருசுக்கும் கடைசி இருசுக்கும் இடையே 12 அடி, மாடலில் 48 மி.மீ. முழு எஞ்சினும் பத்து செ.மீ. சொச்சம்தான். ஒரே ஒரு கணக்கு மட்டும் இடிக்கும். தண்டவாள இடைவெளி உண்மையில் 4 அடி 8½ அங்குலம். அப்படியானால் மாடலில் கிட்டத்தட்ட 18.8 மி.மீ. வர வேண்டும். டபுள் ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். பிற நாடுகளில் புழங்கிய எச்ஓ தண்டவாளத்தின்மேல் பிரிட்டிஷ் உடம்பைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டியதால் வந்த வித்தியாசம் இது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒடுங்கலானவை, அந்தக் கால மோட்டார் எச்ஓ அளவு உடம்புக்குள் அடங்கவில்லை. இதைச் சரிசெய்ய 18.2, 18.83 மி.மீ. என்று வேறு தண்டவாளங்களும் உண்டு. முதல் எஞ்சினுக்கு 16.5 போதும்.

சரி, பிரிண்ட் எதைச் சாதிக்கிறது? இதற்கு முன் எஞ்சின் கிட் என்றால் வெள்ளை உலோகத்தில் வார்த்த கனமான துண்டுகள், அல்லது ரசாயனத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள். வெள்ளை உலோகம் சால்டரிங் சூடு கொஞ்சம் கூடினாலே உருகிவிடும். பித்தளையில் பாய்லரை உருட்டி வளைப்பது தனிக் கைவேலை. ரெசின் பிரிண்டர் இந்த இரண்டு கஷ்டத்தையும் எடுத்துவிட்டது. 1986-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஹல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது இது. ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுகவைத்து உருவத்தை எழுப்புகிறார்கள். ஓர் அடுக்கு வழக்கமாக 0.05 மி.மீ. அதனால்தான் கால் மி.மீ. ரிவெட் தலைகூடத் தெளிவாக வருகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி வரைகிற பிரிண்டரில் முனையின் துளையே பொதுவாக 0.4 மி.மீ. சக்கரங்களைத் தாங்கும் சேசிஸ் சட்டத்துக்கும் கருவிகளுக்கும் அது நல்லது. உடம்புக்கு வரிவரியாகத் தெரியும்.

பிரிண்டுக்கு எட்டாதவையும் உண்டு. உண்மை எஞ்சினின் அறைச் சுவர் சில மி.மீ. தகடு. 76-ல் ஒரு பங்காகக் குறைத்தால் காகிதத்தைவிட மெலிந்துவிடும். ரெசினில் நிற்க வேண்டுமானால் சுவர் ஏறக்குறைய ஒரு மி.மீ. இருக்க வேண்டும், நிஜ எஞ்சினில் அது ஏழெட்டு செ.மீ. பருமன். நல்ல கிட் வடிவமைப்பாளர் ஜன்னல் ஓரத்தை மட்டும் உள்பக்கமாகச் சாய்த்து மெல்லியதாகக் காட்டிவிடுவார். கிட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த ஜன்னல் ஓரத்தைத்தான். அடுத்தது கைப்பிடிக் கம்பி. ரெசினில் வந்தால் துடைக்கும்போதே ஒடிந்துவிடும். 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியை வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம், இருசு, இணைப்புத் தண்டு, பற்சக்கரம் ஆகிய நான்கையும் உலோகக்காரரிடமோ சக்கரக்காரரிடமோ வாங்குவதே நல்லது. பிரிண்ட் எடுத்த சக்கரம் அழகாக இருக்கும். ஆனால் மின்சாரம் கடத்தாது, வட்டமும் நாளடைவில் பிசகும்.

இப்போது சேசிஸுக்கு வருவோம். அதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது, அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமை மட்டுமே.

சைக்கிளில் ஒரு பெடல் நேர் மேலே நிற்கும்போது அதன்மேல் ஏறி நின்றால் என்ன ஆகும்? எவ்வளவு எடை போட்டாலும் வண்டி நகராது. பெடலை முன்னால் கொஞ்சம் தள்ளிவிட்ட பிறகுதான் மிதி பிடிக்கும். நீராவி எஞ்சினுக்கும் இதே சிக்கல் உண்டு. பிஸ்டன் தள்ளும் தண்டும் சக்கரத்தின் நடுவும் ஒரே கோட்டில் வந்துவிட்டால், நீராவி எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாது. இதைத்தான் செத்த புள்ளி என்கிறார்கள். சைக்கிளில் இரண்டு பெடலும் எதிரெதிரே இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் செத்த புள்ளிக்கு வரும். எஞ்சின் கட்டியவர்கள் அதனால்தான் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் எதிரெதிரே வைக்காமல் கால் வட்டம், அதாவது 90 பாகை, தள்ளிவைத்தார்கள். ஒரு பக்கம் செத்த புள்ளியில் நிற்கும்போது மறுபக்கம் முழு பலத்தோடு இருக்கும்.

நம் மாடலில் நீராவி கிடையாது, மோட்டார்தான். அப்படியிருக்க இது எதற்கு? மோட்டார் ஓர் இருசை மட்டும்தான் சுற்றுகிறது. மற்ற இரண்டு இருசுகளைச் சுற்றுவது பக்கத்தில் ஓடும் இணைப்புத் தண்டு. அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் ஊசிகள் இருசுகளோடு ஒரே கிடைக்கோட்டில் வரும் கணத்தில், தண்டு அடுத்த சக்கரத்தைத் தள்ளலாம், இழுக்கலாம், சுற்ற முடியாது. அந்தக் கணத்தில் அது முன்னாலும் சுற்றலாம், பின்னாலும் சுற்றலாம். பின்னால் திரும்பிவிட்டால் அங்கேயே ஜாம். மறுபக்கத் தண்டு அப்போது உச்சியிலோ அடியிலோ இருந்து சரியான திசையில் தள்ளிவிடுகிறது. கால் வட்டம் இல்லையென்றால் மாடலும் சுற்றுக்கு இரண்டு முறை திக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இனிமேல்தான். 90 பாகையைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும் என்று மெனக்கெடுவார்கள். 90 என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூன்று இருசும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். மூன்றும் 87-ல் இருந்தால் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு 90-லும் ஒன்று 86-லும் இருந்தால் திக்கித் திணறும். வலப்பக்கத் தண்டு ஒரு நிலையைக் கேட்கும், இடப்பக்கத் தண்டு வேறொன்றைக் கேட்கும். நடுவில் சக்கரம் என்ன செய்யும்?

ரோம்ஃபோர்ட் என்ற பெயரில் அறியப்பட்டு இப்போது மார்கிட்ஸ் விற்கும் சக்கரங்களில் இருசின் முனை சதுரமாக இருக்கும். சக்கரத்தின் துளையும் சதுரம். மாட்டினால் கால் வட்டம் தானாகவே அமைந்துவிடும், தப்பினால் சரியாகக் கால் வட்டம்தான் தப்பும், கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். முதல் எஞ்சினுக்கு இதையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அது மிச்சப்படுத்தும் இரவுகள் அதிகம். அழுத்திச் செருகும் சக்கரமானால் மூன்று இருசையும் ஒரே பிடிப்பானில் வைத்துச் செருக வேண்டும். இந்தப் பிடிப்பானை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். அது சரியாக 90 காட்டாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றுக்கும் அதே பிடிப்பான் என்றால் போதும்.

இரண்டாவது நிபந்தனை: தண்டில் உள்ள துளைகளின் இடைவெளியும் சட்டத்தில் உள்ள இருசுகளின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். டெரியரில் 24 மி.மீ., 24 மி.மீ. தண்டு உலோகத்தில் அரித்தெடுத்தது, அளவு நிற்கும். சட்டம் ரெசினாக இருந்தால் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அரை சதவீதம் சுருங்கினாலே 48 மி.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட கால் மி.மீ. போய்விடும். எஞ்சின் நின்றுவிட அது தாராளமாகப் போதும்.

என் முதல் சேசிஸில் நான் செய்த தவறு இங்கேதான். சக்கரம் திக்கியது. தண்டின் துளையை ரீமரால் கொஞ்சம் அகட்டினேன். மறுபடி திக்கியது, மறுபடி அகட்டினேன். கடைசியில் ஓடியது, ஆனால் கடகடவென்று சத்தத்தோடு. பின்பக்கமாக ஓடவிட்டால் அப்போதும் நின்றது. அளவுப் பிழையை ஆட்டத்தால் மறைக்கப் பார்த்திருக்கிறேன். அது மறையவில்லை, இடம் மாறியது. அந்தத் தண்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன்.

சரியான வழி, தண்டையே அளவுகோலாக்குவது. சட்டத்தில் உள்ள துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, இருசு சுழலும் பித்தளை வளையங்களான புஷ்களை ஒட்டாமல் தளர்வாகச் செருகுங்கள். முனை கூம்பிய நீளமான கம்பிகள் மூன்றை இருசுக்குப் பதிலாக உள்ளே விடுங்கள். அந்த முனைகளில் இணைப்புத் தண்டுகளை மாட்டுங்கள். இப்போது புஷ் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தண்டு தீர்மானித்துவிட்டது. மட்டம் பார்த்து, புஷ்ஷைச் சுற்றி எபாக்சி வைத்து, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அது சரிசெய்ய நேரம் தராது, துளைக்குள்ளும் ஊறிவிடும். கம்பிகளை உருவும்போது தண்டுக்கும் சட்டத்துக்கும் அளவு ஒத்திருக்கும்.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். ஆறு சக்கர எஞ்சினும் அப்படித்தான். மூன்று இருசும் அசையாமல் இருந்தால், தண்டவாளம் கொஞ்சம் மேடுபள்ளமானாலே ஏதாவது ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது, ஆகவே எஞ்சின் விக்கும். இதற்காகச் சில கிட்டுகளில் ஓர் இருசை மட்டும் நிலையாக வைத்து, மற்ற இரண்டும் நடுவில் ஒரு தாங்கியைப் பற்றி ஏறி இறங்கும்படி விட்டிருப்பார்கள். எஞ்சின் மூன்று புள்ளிகளில் உட்காரும் முக்காலியாகிவிடும். அப்படிச் செய்தால் இணைப்புத் தண்டும் நடுவில் மூட்டு வைத்ததாக இருக்க வேண்டும். முதல் கிட்டில் இது இல்லாவிட்டாலும் குறையில்லை. புஷ்களை ஒரே மட்டத்தில் ஒட்டினீர்களா என்று கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள்.

மோட்டாரை இன்னும் பொருத்தாதீர்கள். முதலில் முன் இருசையும் நடு இருசையும் மட்டும் தண்டால் இணைத்து விரலால் தள்ளுங்கள். வழுக்கினால் பின் இருசையும் சேருங்கள். எங்கே இறுகுகிறது என்று சக்கரத்தில் பேனாவால் குறியிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இறுகினால் கால் வட்டம் பிசகியிருக்கிறது, அல்லது தண்டின் நீளம். எங்கும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் ஏதோ உரசுகிறது. லேசாகச் சாய்த்த கண்ணாடியில் சேசிஸ் தானாக உருண்டு இறங்க வேண்டும். அந்த நிமிடம் வரும்வரை மேலே போக வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

மோட்டாருக்கு ஒரு கணக்கு. டெரியர் மணிக்கு 64 கி.மீ. ஓடினால் மாடல் நொடிக்குச் சுமார் 23 செ.மீ. ஓட வேண்டும். 16 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 5 செ.மீ. போகும், ஆகவே நிமிடத்துக்கு 280 சுற்று. 12 வோல்ட் மோட்டார் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகிறது என்று வைத்தால், மோட்டார் 40 சுற்றினால் இருசு ஒரு சுற்று சுற்றும் 40-க்கு 1 பற்சக்கரம் பொருந்துகிறது. வேகம் குறைந்து பலம் கூடும், ஊர்ந்து கிளம்புவதும் அழகாக இருக்கும். மின்சாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுக்க பாஸ்பர் வெண்கலக் கம்பிகள் சக்கரத்தின் பின்புறத்தை மெல்லத் தொட்டிருக்க வேண்டும். பித்தளைச் சட்டத்தில் எங்கே ஷார்ட் ஆகும் என்ற பயம் இருக்கும். பிரிண்ட் சட்டத்தில் அது கிடையாது.

ஆனால் பிரிண்ட் எஞ்சினுக்கு எடை போதாது. வெள்ளை உலோகம் தன் கனத்தாலேயே தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டது. ரெசின் உடம்பு நான்கு பெட்டியை இழுக்கச் சொன்னால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். பக்கத் தொட்டிகளும் பாய்லரும் உள்ளே காலியாகத்தான் இருக்கும், அங்கே ஈயம் வைக்கலாம். எடை நடு இருசின்மேல் சமமாக விழ வேண்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். காலப்போக்கில் ஈயம் வெண்பொடியாக உப்பி உடம்பையே பிளந்துவிடும். எபாக்சி பாதுகாப்பு. ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீங்களே பிரிண்ட் எடுப்பதானால் இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடக் கூடாது. தொடத்தொட ஒவ்வாமை வளரும், ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பிரிண்ட் ஆகும்போது உருவத்தைத் தாங்கிப் பிடித்த தாங்கிகள் ஒட்டியிருந்த புள்ளிகளை நுண்ணிய உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. பாய்லருக்கு அடியில் நீளமாக ஓடும் ஃபுட்பிளேட் வளைந்து வந்திருக்கலாம். சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, கண்ணாடிமேல் வைத்து, கனமாக எதையாவது ஏற்றி ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

ஒட்டத் தொடங்குமுன் எந்த ஆண்டின் எந்த எஞ்சின் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1911 முதல் பல டெரியர்களுக்குப் புதிய பாய்லர் போட்டார்கள், முன்புறப் புகையறை நீண்டது. அதற்கு ஏ1எக்ஸ் என்று பெயர். நீண்ட புகையறையோடு கட்டிவிட்டு அதன்மேல் 1870-களின் நிறத்தை அடித்தால், விவரம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

அந்த நிறமும் சாமானியமில்லை. ஸ்ட்ரவுட்லி தன் எஞ்சின்களுக்குப் பூசியதற்கு ‘மேம்பட்ட எஞ்சின் பச்சை’ என்று பெயர் வைத்தார். பார்த்தால் பச்சையே கிடையாது, காவி கலந்த பொன்மஞ்சள். சாம்பல் நிறப் பிரைமரின்மேல் அது மங்கிவிடும், வெள்ளைப் பிரைமர் அடியுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்து, இடையிடையே காயவிடுங்கள். ஒரே தடவையில் தடித்துப் பூசினால் அந்த ரிவெட் தலைகளெல்லாம் மூழ்கிப்போகும். தொட்டியின் பக்கத்தில் பொன்னெழுத்தில் பெயர் வரும். லண்டன் பேட்டைகளும் அந்த ரயில்வே ஓடிய ஊர்களும்தான் பெயர்கள்: ஸ்டெப்னி, பாப்லர், பாக்ஸ்ஹில், பிரைட்டன். பிரைட்டன் என்ற எஞ்சின் 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. எழுத்துத் தாளை ஒட்டி வார்னிஷ் அடித்த பிறகு ஒரு முழு நாள் தொடாதீர்கள். அந்த நேரத்தில் சேசிஸை மட்டும் தண்டவாளத்தில் விட்டு, முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி ஓட்டிக்கொண்டிருங்கள். பற்சக்கரம் படிந்து சத்தம் குறைவதைக் காதாலேயே கேட்கலாம்.